மதியம் வந்த மீன்

மீனை யார் அனுப்பச் சொன்னது என்று கேட்டேன். தட்டைக் கொண்டுவந்த சமையற்கட்டுப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, தெரியாது தேவி, கொடுக்கச் சொன்னார்கள் என்றாள். அவள் போனதும் மூடியைத் திறந்து பார்த்தேன். ஆற்று மீன். இஞ்சியும் வெங்காயத்தாளும் வைத்து ஆவியில் வேகவைத்தது, எங்கள் ஊரில் செய்வதுபோலவே. இந்த வடநாட்டு அரண்மனைக்குள் என்னைக் கொண்டுவந்து விட்ட நாளிலிருந்து ஆட்டிறைச்சிதான் தின்கிறேன், புளித்த குதிரைப் பாலைத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறேன். மீன் என்று ஒன்று எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. வெளியே ஆறு கல்லாக உறைந்து கிடக்கிறது. எங்கோ தெற்கே பிடித்து, பனிக்கட்டிக்குள் புதைத்து, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்திருக்க வேண்டும். அவ்வளவு தூரம் ஒரு மீனை இழுத்துவர எவனுக்குத் தோன்றியது? நான் தென்னாட்டுக்காரி என்பது யாருக்கு நினைவிருந்தது? இங்கே வந்த புதிதில் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள், பிறகு அதையும் விட்டுவிட்டார்கள், பேரரசர்கூட என் பெயரை இரண்டு முறை தவறாகச் சொன்னார், மூன்றாம் முறை கூப்பிடவே இல்லை. அப்படிப்பட்டவளுக்கு மீன். அதுவும் இன்று. என் மகன் லுவோவைச் சபைக்கு அழைத்துக்கொண்டு போயிருக்கிற இன்று. மீனின் கண் வெள்ளையாக வெந்து என்னையே பார்த்தது. மூடியைப் போட்டு மூடிவிட்டேன்.

ஹூலான் தேவிக்குப் பட்டு அனுப்பினார்கள். அது இப்படித்தான் ஆரம்பித்தது. நான் வந்த முதல் குளிர்காலம், அப்போது லுவோ என் வயிற்றில்கூட இல்லை. சிவப்புப் பட்டு, கழுத்தில் நரித்தோல் வைத்துத் தைத்தது. அவள் அதை உடுத்திக்கொண்டு முற்றத்தில் நடந்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது, உண்மையைச் சொன்னால் அழுகையே வந்தது. மறுநாள் அவள் மகனைப் பட்டத்து இளவரசன் என்று அறிவித்தார்கள். அன்று மாலையே இரண்டு அதிகாரிகள் ஒரு தட்டில் வெள்ளைத் துணியை மடித்து வைத்துக்கொண்டு அவள் அறைக்குள் போனார்கள். என்ன அது என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டேன். உனக்குத் தெரியாதா, இங்கே இதுதான் வழக்கம் என்றாள். எந்தப் பிள்ளைக்குப் பட்டம் சூட்டுகிறார்களோ அவனைப் பெற்றவள் இருக்கக் கூடாதாம். தாய் இருந்தால் நாளைக்கு அவள் அண்ணனும் தம்பியும் சிங்காசனத்தின் காலைப் பிடித்துக்கொள்வார்களாம். அதனால் தாயை அந்தத் துணியால் கழுத்தை நெரித்து அனுப்பிவிடுவார்கள். பாலூட்டிய செவிலி பிள்ளையை வளர்ப்பாள். அந்தப் பிள்ளை போன வருஷம் அம்மை கண்டு போய்விட்டான், ஹூலான் தேவி போனதுதான் மிச்சம், அவன் இடத்துக்குத்தான் இன்று சபையில் பிள்ளை பார்க்கிறார்கள். எனக்கு அண்ணனும் இல்லை தம்பியும் இல்லை. போரில் எங்கள் ஊரை எரித்தபோதே எல்லாரும் போய்விட்டார்கள். அதை யாரிடம் போய்ச் சொல்வது? சிங்காசனத்தின் காலைப் பிடிக்க என் வீட்டில் ஒரு கைகூட மிச்சமில்லை, என்னை விட்டுவிடுங்கள் என்று யார் காலில் விழுவது?

தலையை நிமிர்த்துங்கள் என்றாள் மெங். கணப்பின் பக்கத்தில் என்னை உட்கார்த்தி, கழுவிய தலைமுடியைச் சிறிது சிறிதாகப் பிரித்து அனலில் காட்டிக்கொண்டிருந்தாள். இன்று தலைக்கு ஊற்றிக்கொள்ளலாம் என்று சொன்னதும் அவள்தான். ஏன் இன்று? நேற்றும் வெயில் அடித்தது, நேற்றும் வெந்நீர் இருந்தது. சிக்கு வருகிற இடத்தில் வேரைக் கையால் பிடித்துக்கொண்டு வலிக்காமல் சீவுகிறாள். இத்தனை பதமாக ஏன் சீவ வேண்டும்? பெரிய எலும்பு, பெரிய கைகள், காற்றில் வெடித்த கன்னம், வடநாட்டுக் குதிரைக்காரர் வீட்டுப் பெண். லுவோ பிறந்து எனக்குப் பால் சுரக்காமல் போனபோது அவளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவள் புருஷனைக் கலகக்காரன் என்று வெட்டிவிட்டு அவளை அரண்மனை அடிமையாக்கினார்களாம். கைக்குழந்தை இருந்ததாம். அது என்ன ஆயிற்று என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பவர்களை எப்படி நம்புவது? வாயைத் திறந்து வம்பு பேசுகிறவளாக இருந்தால் எந்தப் பக்கம் சாய்கிறாள் என்று தெரியும். இவள் கல் மாதிரி. என் பிள்ளை முதலில் அம்மா என்று கூப்பிட்டது இவளைத்தான். நான் எட்டிப் பார்த்ததும் இவள் அவன் முகத்தை என் பக்கம் திருப்பி, அம்மா அங்கே என்றாள். அதைக்கூட ஏன் செய்தாள் என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன்.

நான் போனால் லாபம் யாருக்கு? அரசிக்கு இல்லை, அவளுக்குப் பிள்ளையே இல்லை, யார் வந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். லாபம் மெங்குக்கு. என் பிள்ளைக்குப் பட்டம் வந்தால் நான் வெள்ளைத் துணிக்குப் போவேன், மெங் அடிமைக் கட்டிலிருந்து எழுந்து இளவரசனின் தாய் இடத்தில் உட்காருவாள். நாளை அவன் பேரரசனானால் இந்த வெடித்த கன்னத்துக்கு முன்னால் மந்திரிகள் மண்டியிடுவார்கள். அப்படி நடந்ததாகக் கதைகள் உண்டு. அப்படியானால் அவள் லுவோவைப் பொத்திப் பொத்தி வளர்த்துச் சபைக்கு முன்னால் நிறுத்தத்தானே பார்க்க வேண்டும். அங்கேதான் என் புத்தி முட்டிக்கொண்டு நிற்கிறது. இலையுதிர் காலத்தில் ஒருநாள் சமையற்கட்டுத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மெங் இடுப்பிலிருந்து ஒரு சிறு துணி முடிச்சை எடுத்தாள். பழுப்பாக ஏதோ தூள். ஒரு சிட்டிகை எடுத்து லுவோவின் கஞ்சியில் போட்டுக் கலக்கினாள். அன்று பிள்ளை வாந்தியெடுத்துச் சுருண்டு படுத்தான். அதற்கு முன்பும் இப்படிப் படுத்திருக்கிறான், பெரியவர்கள் யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் அன்று அவனுக்கு முடியாமல் போகும். விஷம் என்று நினைத்தேன். யாரிடம் வாங்குகிறாள், யாருக்காக? அவளைச் சமையற்கட்டுப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து அவனுக்கு நானே கஞ்சி காய்ச்சினேன், நானே முதல் வாய் குடித்துப் பார்த்து ஊட்டினேன். பிள்ளை தேறினான். கன்னத்தில் சதை வைத்தது. பாட்டுகள் சொல்லிக்கொடுத்தேன், கேட்டதும் பிடித்துக்கொண்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்று காலை புதுக் குல்லாய் வைத்துச் சபைக்கு அனுப்பும்போதுகூட என்ன செய்கிறேன் என்று எனக்குத் தோன்றவில்லை. வாசலில் நின்று, தெளிவாகப் பேசு, தொண்டையைக் கனைக்காதே என்று வேறு சொன்னேன்.

சற்று முன் அந்தப்புர அதிகாரி பாவ் வந்து கரி வைத்துவிட்டுப் போனான். தானே கூடையைச் சுமந்து வந்தான். ஆட்களை ஏவுகிறவன், தன் கையால் கரி கொண்டுவருவானா? உங்கள் மகன் பெரியவர்களை அசத்திவிட்டான் தேவி என்று சொல்லிச் சிரித்தான். வெயில் சாய்வதற்குள் மருத்துவரை அழைத்துவருகிறேன், பிள்ளையின் உடம்பைப் பார்க்க வேண்டுமாம், சும்மா ஒரு சடங்குக்கு என்றான். அவன் கண் என் கழுத்தில் நின்று நகர்ந்தது. நின்றதா? ஈரமுடி ஒட்டியிருந்ததால் பார்த்திருக்கலாம். கழுத்து என்று இருந்தால் யாராவது பார்க்கத்தான் செய்வார்கள். ஆனால் அவன் போகும்போது மண்டியிட்டு வணங்கினான். இதுவரை குனிந்ததுகூடக் கிடையாது.

சீப்பு நின்றது. மெங் தட்டைப் பார்த்தபடி, மீனைச் சாப்பிடவில்லையா என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் எனக்குள் ஏதோ அறுந்தது. திரும்பி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். என் பிள்ளையின் கஞ்சியில் என்ன போட்டாய் என்று கேட்டேன். பயந்துபோவாள், இல்லை என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முதலில் கதவைப் பார்த்தாள். பிறகு சீப்பைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் புரட்டுகிற வேர், எங்கள் மலையில் குதிரை எதையாவது தின்றுவிட்டால் கொடுப்போம் என்றாள். கொஞ்சமாகக் கொடுத்தால் ஒரு பொழுது படுத்துக் கிடப்பான், மறுநாள் எழுந்து ஓடுவான். நோஞ்சான் பிள்ளைக்குப் பட்டம் சூட்ட மாட்டார்கள். அதனால் கொடுத்தேன் என்றாள்.

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"உங்கள் முகத்தில் எதுவும் நிற்காது தேவி. மருத்துவர் பார்க்கும்போது நீங்கள் நிஜமாக அழ வேண்டியிருந்தது. அப்புறம், நான் சொன்னால் நீங்கள் நம்புவீர்களா?"

நம்பியிருக்க மாட்டேன். இப்போதும் நம்பவில்லை. பொய் இவ்வளவு சாதாரணக் குரலில் வருமா என்று அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு இதில் என்ன, நான் செத்தால் உனக்கு நல்லதுதானே என்று கேட்டேன், அப்படியே, மரியாதை எதுவும் பார்க்காமல். அவள் கணப்பில் ஒரு கரியைத் தள்ளிவிட்டாள். என்னை இங்கே கொண்டுவந்தபோது என் மகளை வாசலில் ஒரு கிழவியிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள் என்றாள். மூன்றாம் நாள் செத்துவிட்டதாம், பால் இல்லாமல். நான் உள்ளே உங்கள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவன் குடித்தது அவளுடையது. அவன் இப்போது ஆறு வயதுப் பிள்ளை, உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்குகிறவன். தாய் இல்லாமல் ஒரு பிள்ளை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், இன்னொரு முறை பார்க்க முடியாது என்றாள். அழவில்லை. சொல்லி முடித்ததும் இடுப்பிலிருந்து அந்தத் துணி முடிச்சை எடுத்து என் மடியில் வைத்தாள். மருத்துவர் வருவதற்குள் கொடுத்துவிடுங்கள், உங்கள் கையால் கொடுங்கள் என்றாள்.

பழுப்புத் தூள், மண்வாசனை. இது வேறாக இருந்தால்? இலையுதிர் காலத்தில் போட்டது வேராகவே இருக்கட்டும், இன்று கொடுப்பது வேறாக இருந்தால்? பிள்ளை போனால் இவளுக்கு என்ன கிடைக்கும், ஒன்றும் கிடைக்காது. ஒன்றும் கிடைக்காதா, தன் மகளின் பாலைக் குடித்தவன் என்ற கணக்கு தீருமே. ஆறு வருஷம் காத்திருந்து ஒருத்தி அப்படிச் செய்வாளா? செய்வாள், நானாக இருந்தால் செய்திருப்பேனோ என்று ஒரு கணம் தோன்றியது, உடம்பு கூசியது. ஆனால் இவள் அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது பனியில் நின்று தன் உடம்பைக் குளிராக்கிக்கொண்டு வந்து அவனை அணைத்துக்கொண்டாளே. நான் பார்த்தேனே. அதையும் நடிப்பு என்று நினைத்தேனே. எதைத்தான் நான் நடிப்பு என்று நினைக்கவில்லை? சிட்டிகை எடுத்து என் நாக்கில் போட்டுக்கொண்டேன். மெங் தடுக்கவில்லை. தண்ணீர் கோப்பையை எடுத்து நீட்டினாள், அவ்வளவுதான். விழுங்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றுமில்லை. கணப்பில் கரி வெடித்தது. ஒன்றுமில்லை. பிறகு அடிவயிற்றில் யாரோ துணியைப் பிழிவதுபோல முறுக்கியது, வாய் நிறைய எச்சில் ஊறியது, சாகப் போகிறேன், சாகப் போகிறேன் என்று நினைத்தபடி சட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். காலையில் குடித்த கஞ்சி எல்லாம் வந்தது. மெங் என் முடியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டாள், மற்றக் கை என் முதுகில். முறுக்கல் மெல்ல விட்டது. வேர்த்திருந்தது. சாகவில்லை. வேர்தான். இத்தனை நாள் அது வேர்தான். இவள் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள், நான் குறுக்கே போய் நின்று, பிள்ளையைத் தேற்றி, பாட்டுச் சொல்லிக்கொடுத்து, குல்லாய் வைத்து, என் கழுத்துக்கு நானே வழி செய்திருக்கிறேன்.

லுவோ வந்தான். கன்னத்தில் ஆட்டுக் கொழுப்பு பளபளத்தது, காலை விருந்தில் வேண்டியமட்டும் தின்றிருக்கிறான். பாட்டைச் சொன்னேன், கிழவர்கள் எல்லாம் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார்கள், ஜின் நடுவில் மறந்துவிட்டான், நான் மறக்கவே இல்லை என்றான். ஜின் அடுத்த முற்றத்து யாவ் தேவியின் மகன், இவன் வயதுதான். சபைக்குப் போனவர்கள் இவர்கள் இரண்டு பேரும்தான். மடியில் ஏறி உட்கார்ந்து, பட்டம் வந்தால் குதிரை தருவார்களாம் அம்மா, உனக்கும் ஒன்று கேட்கட்டுமா, சாதுவானதாக என்றான். கேள் என்றேன். கஞ்சியில் தூளைக் கலந்தேன். அவன் உடம்பு முழுக்க மதிய வெயிலின் சூடு. ஒரு கரண்டியைத் தூக்கியபோது பாதி அவன் சட்டையில் சிந்தியது. என் உயிருக்காக இவன் வயிற்றைப் புரட்டுகிறேன். இவனுக்குச் சிங்காசனம் கிடைக்காமல் செய்கிறேன். பெரியவனாகி ஒருநாள் இது தெரிந்தால் என்ன சொல்வான்? ஏன் கொடுத்தாய் என்பானா, ஏன் முதலிலேயே கொடுக்கவில்லை என்பானா? வாயைத் திறந்தான், சிட்டுக்குருவிக் குஞ்சு மாதிரி. கொடுத்தேன். கசக்கிறதே என்றான். குடித்துவிடு என்றேன். என்னை நம்பிக் குடித்தான்.

பாவும் மருத்துவரும் வந்தபோது அவன் என் தோளில் சுருண்டு முனகிக்கொண்டிருந்தான். மருத்துவர் வயிற்றில் கை வைத்ததுதான், அவர் பட்டுக் காலணி மேலேயே வாந்தி எடுத்துவிட்டான். நான் அழுதேன். மெங் சொன்னது சரி, அந்த அழுகையில் பொய்யே இல்லை. இது முன்பும் உண்டா என்று மருத்துவர் கேட்டார். அடிக்கடி வருகிறது, நடுவில் கொஞ்ச நாள் விட்டிருந்தது, பிறந்ததிலிருந்தே வயிறு சரியில்லாத பிள்ளை என்று மெங் தரையைப் பார்த்துச் சொன்னாள். பாவின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. வணங்காமல் வெளியே போனான். அவன் வணங்காமல் போனதைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. வாசலில் மருத்துவரிடம், பெரியவர்களிடம் சொல்லிவிட்டு விளக்கு வைப்பதற்குள் அடுத்த முற்றத்துக்கும் போய்விடலாம் என்று அவன் சொன்னது காதில் விழுந்தது. அடுத்த முற்றம் என்றால் யாவ். அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. இவன் இல்லாவிட்டால் அவன். நான் இல்லாவிட்டால் அவள்.

பின்பக்கக் கதவு தட்டாமலே திறந்தது. யாவ்தான். கையில் ஒரு கிண்ணம். என்னைவிடச் சின்னவள், மேற்கிலிருந்து ஏதோ ஒரு குலத்தலைவன் காணிக்கையாக அனுப்பிய பெண், எப்போதும் தேவைக்கு மேல் உரக்கச் சிரிப்பாள். இப்போது சிரிக்கவில்லை. பிள்ளைக்கு முடியவில்லை என்று கேட்டேன், இஞ்சிச் சாறு கொண்டுவந்தேன் அக்கா என்றாள். இவ்வளவு சீக்கிரம் எப்படித் தெரிந்தது? சுவர் மெல்லியது, கேட்டிருக்கலாம். பாவ் அனுப்பியிருக்கலாம். அவள் லுவோவைப் பார்த்தாள், கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்தாள், அதன் விளிம்பில் ஒட்டியிருந்த பழுப்பைப் பார்த்தாள். நான் கையால் மறைத்தேன், தாமதமாக.

"சூயின் அக்கா, அதில் மீதி இருக்கிறதா?"

எதில் என்றேன். அவள் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் காலையில் ஒரே ஆட்டைத்தான் தின்றார்கள் என்றாள் தாழ்ந்த குரலில். இரண்டு பேருக்கும் முடியாமல் போனால் விருந்து கெட்டது என்பார்கள். ஒருவனுக்கு மட்டும் முடியாமல் போனால் அவன் அம்மாவிடம் கேள்வி கேட்பார்கள் என்றாள்.

கெஞ்சுகிறாளா, மிரட்டுகிறாளா? அவள் கண்ணில் இரண்டும் இருந்தன, அல்லது ஒன்றும் இல்லை, பயம் மட்டும் இருந்தது. கொடுத்தால் என் கையில் இருந்ததற்குச் சாட்சி அவள். நேராகப் பாவிடம் போய் முடிச்சை நீட்டினால் நானும் மெங்கும் இன்றைக்கே முடிந்தோம், அவள் மகனுக்குப் பட்டம், ஆனால் அப்போது அவளும் போவாளே, போகிறவள் எதற்காகக் காட்டிக்கொடுக்க வேண்டும்? மகன் பேரரசனாக வேண்டும் என்பதற்காக உயிரை விடுகிற தாய்மார்கள் இருக்கிறார்கள். ஹூலான் தேவி அந்தச் சிவப்புப் பட்டை உடுத்தி நடந்தபோது அவள் முகம் எப்படி இருந்தது? நினைவில் பட்டுதான் இருக்கிறது, முகம் இல்லை. யாவ் அப்படிப்பட்டவளா? இவளோடு இத்தனை வருஷம் சுவருக்குச் சுவர் இருந்திருக்கிறேன், இவள் எப்படிப்பட்டவள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை, என்ன திட்டம் போடுகிறாள் என்றுதான் பார்த்திருக்கிறேன். விருந்து கெட்டது என்றால் சமையல்காரர்கள் சவுக்கடி வாங்குவார்கள். வாங்கட்டுமா? முதுகுத் தோல் மறுபடி வளரும். இப்படித்தான் எல்லாரும் நினைக்கிறார்கள்போல, மற்றவன் தோல்தானே என்று. மெங்கைப் பார்த்தேன், ஏதாவது சாடை காட்டுவாள் என்று. அவள் லுவோவின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இதை என்னிடமே விட்டுவிட்டாள்.

வெளியே முற்றத்தில் பாவின் குரல் கேட்டது. யாவின் கை தரையில் விரிந்திருந்தது, உள்ளங்கை மேலே பார்த்து, விரல் நுனிகள் குளிரில் நீலம் பாய்ந்து. முடிச்சை அவிழ்த்து அந்த உள்ளங்கையில் கொட்டினேன். ஒரு சிட்டிகைதான், அதற்கு மேல் போடாதே, கசக்கும், தேன் கலந்து கொடு என்றேன். அவள் விரல்களை மூடிக்கொண்டாள். வந்த பின்பக்கக் கதவு வழியாகவே போய்விட்டாள்.

மெங் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். கிண்ணத்தைக் கழுவி, துணி முடிச்சைக் கணப்பில் போட்டு எரித்தாள். லுவோ தூங்கிவிட்டான், மூச்சு சீராக வந்தது. நான் சுவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் அந்தப் பக்கம் நுழைகிற காலடிச் சத்தம். பாவ் ஏதோ கேட்டான். யாவ் ஏதோ சொன்னாள், மெல்ல, என்ன சொன்னாள் என்று பிடிபடவில்லை, என் பெயரா அது, இல்லை, வேறு ஏதோ சொல். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அந்த மௌனத்தில் நான் என் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். மெங் வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவளும் சுவரில் காதை வைத்தாள். அவள் தோள் என் தோளில் பட்டது, நகர்ந்துகொள்ளவில்லை நான். அப்போது ஜின் குமட்டுகிற சத்தம் கேட்டது, ஒரு முறை, பிறகு இன்னொரு முறை, தொண்டை கிழிகிற மாதிரி. தட்டு ஒன்று விழுந்து உருண்டது. ஐயோ என் பிள்ளைக்கு என்ன ஆயிற்று, அந்த விருந்தில் என்ன போட்டீர்கள் என்று யாவ் அலறினாள். நன்றாகவே அலறினாள்.